நடுவுல ஒரு கோடு: ஸ்ப்ளிட் பேன் கதை

பொட்டி தட்டுறவங்க எல்லாரும் தினமும் செய்யுற ஒரு சின்ன வேலை இருக்கு. இடது பக்கம் ஃபோல்டர் பட்டியல், வலது பக்கம் அதுக்குள்ள இருக்கிற ஃபைல்கள். ஃபோல்டர் பேரு பாதியில வெட்டுப்பட்டுத் தெரியுது. என்ன பண்ணுவோம்? நடுவுல இருக்கிற கோட்டுக்குப் பக்கத்துல மவுஸைக் கொண்டுபோவோம். அம்புக்குறி ரெண்டு பக்கமும் முனை உள்ளதா மாறும். அழுத்திப் பிடிச்சு இழுப்போம். பேரு முழுசாத் தெரியும். வேலை முடிஞ்சுது, அடுத்த ஆணியைப் பிடுங்கப் போயிடுவோம்.

அந்தக் கோட்டைப் பத்தின வரலாறுதாங்க இந்தப் பதிவு. ஒரு விண்டோவை ரெண்டாவோ நாலாவோ பிரிச்சு, நடுக்கோட்டை நகர்த்த விடுற இந்த அமைப்புக்கு ஸ்ப்ளிட் பேன்னு பேரு. (தலையில ஊறுற பேன் இல்லீங்க. இங்கிலீஷ்காரங்க ஊர்ல ஜன்னலோட ஒவ்வொரு கண்ணாடிக்கும் பேன்னுதான் பேரு.) பார்த்தா அல்ப மேட்டர். ஆனா தோண்டிப் பார்த்தா ஒரே ஒரு சண்டை திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது தெரியும். திரையில எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு இடம்னு முடிவு பண்றது யாரு? மென்பொருளை எழுதினவரா, அதைப் பயன்படுத்துறவரா?

வயக்காட்டுல பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை ஒரு அடி தள்ளிப் போட்டா நம்மூர்ல அரிவாள் வரைக்கும் போவாங்க. திரையிலயும் கிட்டத்தட்ட அதே கதைதான். என்ன, இங்க சண்டை சத்தமில்லாம நடந்துச்சு.

சரி, கொசுவத்தியைச் சுத்துவோம்.

1968 டிசம்பர் 9. சான் ஃபிரான்சிஸ்கோவுல ஒரு மாநாடு. டக் எங்கல்பார்ட் 90 நிமிஷம் ஒரு செயல்விளக்கம் காட்டுறார். மவுஸ், சுட்டி இணைப்பு, ரெண்டு பேரு சேர்ந்து ஒரே ஆவணத்துல வேலை செய்யுறதுன்னு பல விஷயங்களை உலகம் முதல்முறையா அன்னிக்குத்தான் பார்த்துச்சு. அதுல திரையைப் பிரிச்சுக் காட்டுறதும் உண்டு. ஒரு பக்கம் எழுத்து, இன்னொரு பக்கம் மென்லோ பார்க்கில உக்காந்திருந்த சக ஊழியரோட முகம். ஒரே கண்ணாடித் திரையில ரெண்டு விஷயம் ஒரே நேரத்துல இருக்கலாம்ங்கிற எண்ணம் அப்பவே வந்தாச்சு.

அடுத்து 1970கள், ஜெராக்ஸ் கம்பெனியோட பார்க் ஆய்வுக்கூடம். ஆலன் கே குழு ஸ்மால்டாக் மொழியை உருவாக்குது. மேஜையில காகிதம் மேல காகிதம் கிடக்கிற மாதிரி, ஒண்ணு மேல ஒண்ணு விண்டோ கிடக்கலாம்ங்கிறது அங்க பிறந்ததுதான். அதே இடத்துல கட்-காப்பி-பேஸ்ட் புகழ் லாரி டெஸ்லர் ஒரு 'பிரவுசர்' எழுதினார். (இணைய பிரவுசர் இல்ல, நிரலைப் படிக்கிறதுக்கான பிரவுசர்.) ஸ்மால்டாக்-80 வந்தப்போ அதோட வடிவம் இப்படி இருந்துச்சு: மேல வரிசையா நாலு பட்டியல், கீழ பெருசா ஒரு எழுத்துப் பகுதி. முதல் பட்டியல்ல வகையைத் தேர்ந்தெடுத்தா ரெண்டாவதுல கிளாஸ்கள் வரும், அதுல ஒண்ணைத் தொட்டா மூணாவது நிரம்பும். கடைசியா கீழ நிரல் வரும். இன்னிக்கு நாம பயன்படுத்துற ஐடிஇ, மெயில் மென்பொருள் எல்லாத்துக்கும் இதுதான் கொள்ளுத்தாத்தா.

ஆனா கவனிங்க. அந்த அஞ்சு பகுதிகளோட விகிதத்தையும் நிரலை எழுதினவரே முடிவு பண்ணிட்டார். முழு விண்டோவைப் பெருசாக்கினா எல்லாம் அதே விகிதத்துல வளரும். பிரிச்சாச்சு, ஆனா வரப்பு இன்னும் பயனர் கையில இல்ல.

பயனர் கைக்கு அது வந்தது, ஆச்சரியமா, மவுஸே இல்லாத ஒரு மென்பொருள்ல. 1979-ல டான் ப்ரிக்ளினும் பாப் ஃபிராங்ஸ்டனும் ஆப்பிள் 2 கணினிக்கு விசிகால்க் எழுதினாங்க. உலகத்தோட முதல் புகழ்பெற்ற ஸ்ப்ரெட்ஷீட். அதுல 63 நெடுவரிசை, 254 வரிசை. ஆனா திரையோட அகலம் வெறும் 40 எழுத்து! ஜனவரி செலவை மாத்தினா வருஷ மொத்தம் எவ்வளவு ஆகுதுன்னு பார்க்கணும்னா, மொத்தம் திரைக்கு வெளியில எங்கேயோ கிடக்கும். மாத்து, நகர்ந்து போய்ப் பாரு, திரும்பி வா, மாத்து... கடுப்பாயிடும்.

அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வழி: ஸ்லாஷ் அமுக்கி டபிள்யூ அமுக்கினா விண்டோ கட்டளை. அதுல எச் அமுக்கினா குறுக்கே பிரியும், வி அமுக்கினா நெடுக்கே பிரியும், 1 அமுக்கினா பழையபடி ஒண்ணாயிடும். எங்க பிரியணும்? கர்சர் எந்த இடத்துல இருக்கோ அங்க. ஒரு பகுதியில இருந்து இன்னொண்ணுக்குத் தாவ அரைப்புள்ளி விசை. ரெண்டும் சேர்ந்து நகரணுமா, தனித்தனியா நகரணுமான்னு கேக்கிறதுக்கும் எஸ், யூன்னு ரெண்டு எழுத்து. அடேங்கப்பா! எழுத்து மட்டுமே காட்டுற 40 பத்தித் திரையில, "எங்க பிரிக்கணும்னு நீயே சொல்லுப்பா"ன்னு பயனர்கிட்ட கேட்டிருக்காங்க. மேல ஜனவரி செலவு, கீழ வருஷ மொத்தம், ஒரே பார்வையில. கணக்குப் பிள்ளைகள் அந்தப் பொட்டியைக் காசு கொடுத்து வாங்கினதுல ஆச்சரியமே இல்ல.

நிரல் எழுதுறவங்களும் சும்மா இல்ல. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-ல வெளியிட்ட க்னூ ஈமாக்ஸ்ல கண்ட்ரோல்-எக்ஸ் 2 அமுக்கினா மேல-கீழ பிரியும், கண்ட்ரோல்-எக்ஸ் 3 அமுக்கினா பக்கத்துப் பக்கத்துல பிரியும். இதுல ஒரு காமெடி உண்டு. நாம பேன்னு சொல்றதை ஈமாக்ஸ் 'விண்டோ'ன்னு சொல்லும். நாம விண்டோன்னு சொல்றதை 'ஃபிரேம்'னு சொல்லும். புதுசா வர்றவங்க முதல் வாரம் முழுக்கத் தலையைச் சொறிவாங்க (இப்ப அந்தப் பேன் ஜோக் பொருந்துது!). விம் எடிட்டருக்கு இந்த வசதி 1994-ல, மூணாவது பதிப்புல வந்துச்சு.

இந்தப் பக்கம் படம் காட்டுற திரைகள்ல வேற ஒரு போர் நடந்துக்கிட்டிருந்துச்சு. விண்டோக்கள் ஒண்ணு மேல ஒண்ணு கிடக்கலாமா, இல்ல பாத்ரூம் டைல்ஸ் மாதிரி பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கணுமா? 1981-ல வந்த ஜெராக்ஸ் ஸ்டார் டைல்ஸ் பக்கம். 1984-ல வந்த மெக்கின்டாஷ் காகிதம் மேல காகிதம் பக்கம். மைக்ரோசாஃப்ட்ல விண்டோஸ் 1.0 உருவானப்போ அந்த வேலையை முன்னின்று நடத்தினவர் ஸ்காட் மெக்ரெகர். அவர் ஜெராக்ஸ் பார்க்கில டைல்ஸ் முறை விண்டோக்கள்ல வேலை பார்த்துட்டு வந்தவர். 1985 நவம்பர் 20-ல வெளிவந்த விண்டோஸ் 1.0 அதனால டைல்ஸாவே வந்துச்சு. டயலாக் பெட்டி மாதிரி சிலது மட்டும்தான் மேல வரும்.

1987-ல விண்டோஸ் 2.0 வந்தப்போ விண்டோக்கள் ஒண்ணு மேல ஒண்ணு வர ஆரம்பிச்சுது. 1988 மார்ச்சில ஆப்பிள் வழக்குப் போட்டுச்சு. திரையில தெரியுற 189 அம்சங்களைப் பட்டியல் போட்டாங்க. அதுல 179-க்கு 1985-லேயே மைக்ரோசாஃப்ட் உரிமம் வாங்கியாச்சுன்னு நீதிமன்றம் சொல்லிடுச்சு. மிச்சம் பத்துல ஒண்ணு மேல ஒண்ணு வர்ற விண்டோவும் அடக்கம். 1994-ல மேல்முறையீட்டிலயும் ஆப்பிள் தோத்துச்சு.

இதை ஏன் சொல்றேன்னா, இந்தப் போர்ல டைல்ஸ் கட்சி வெளியில தோத்துடுச்சு, ஆனா உள்ள உயிரோட இருந்துச்சு. விண்டோக்கள் மேலயும் கீழயும் எப்படி வேணா கிடக்கட்டும், ஒவ்வொரு விண்டோவுக்கு உள்ளேயும் பகுதிகள் டைல்ஸ் மாதிரி ஒட்டித்தான் இருந்துச்சு. ஏன்னா ஒரே வேலையோட ரெண்டு பாதி அது. பட்டியலும் அதோட விவரமும் ஒண்ணை ஒண்ணு மறைச்சா பிரயோசனமில்ல.

அப்பத்தான் இந்த நடுக்கோட்டுக்குன்னு தனியா விட்ஜெட் எழுத ஆரம்பிச்சாங்க. 1989-ல யூனிக்ஸ் உலகத்துக்கு வந்த மோட்டிஃப்ல பேன்ட் விண்டோன்னு ஒண்ணு. கோட்டு மேல குட்டியா ஒரு சதுரம் இருக்கும், அதைப் பிடிச்சுத்தான் இழுக்கணும். அதுக்குப் பேரு 'சேஷ்'. பழைய இங்கிலீஷ் ஜன்னல்கள்ல மேலயும் கீழயும் நகர்ற சட்டம் இருக்கே, அந்தப் பேருதான். டிகே இதையே 2002-ல 8.4 பதிப்புல கொண்டுவந்தப்போவும் சேஷ்னே கூப்பிட்டுச்சு. ஜாவாக்காரங்க டிவைடர்னாங்க, க்யூட்டிக்காரங்க ஸ்ப்ளிட்டர்னாங்க. ஒரே புள்ளைக்கு வீட்டுக்கு ஒரு பேரு.

விண்டோஸ் பக்கம் எக்செல்ல ஸ்க்ரோல்பார் ஓரத்துல ஒரு குட்டிப் பட்டை இருக்கும். அதைப் பிடிச்சுக் கீழ இழுத்தா ஷீட் ரெண்டாப் பிரியும். விசிகால்க்கோட பேரப்புள்ள! (2013 பதிப்புல அந்தப் பட்டையைத் தூக்கிட்டாங்க. பிரிக்கிற கட்டளை மட்டும் மெனுவுல மிச்சம்.) மைக்ரோசாஃப்ட்டோட எம்எஃப்சி நூலகம் இதையே ரெண்டு ஜாதியா வச்சுது. 'டைனமிக்' வகையில எப்பப் பிரிக்கணும்னு பயனரே முடிவு பண்ணலாம், ஆனா அதிகபட்சம் ரெண்டுக்கு ரெண்டு. 'ஸ்டாடிக்' வகையில எத்தனை பகுதின்னு நிரலர் முடிவு பண்ணுவார், 16-க்கு 16 வரைக்கும் போகலாம். கோட்டை மட்டும் பயனர் நகர்த்திக்கலாம். அதிகாரப் பங்கீடு எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க.

இங்க ஒரு தொழில்நுட்ப ரகசியம். அந்தக் காலத்துல கோட்டை இழுக்கும்போது உள்ள இருக்கிறது எதுவும் அசையாது. சாம்பல் நிறத்துல ஒரு ஆவிக்கோடு மட்டும் மவுஸ் கூடவே ஓடும். விட்டதுக்கு அப்புறம்தான் எல்லாம் மாறும். காரணம், ஒவ்வொரு பிக்சல் நகர்வுக்கும் ரெண்டு பக்கத்தையும் புதுசா வரைய அன்னைக்குப் பொட்டிகளுக்குத் தெம்பு கிடையாது. அந்த ஆவிக்கோட்டை 'எக்ஸார்' முறையில வரைவாங்க. கோடு போற இடத்துல இருக்கிற பிக்சலோட பிட்டுகளைத் தலைகீழா மாத்துறது. அதே கோட்டை அதே இடத்துல இன்னொரு தடவை வரைஞ்சா தலைகீழோட தலைகீழ், பழைய படம் அப்படியே திரும்ப வந்துடும். அடியில என்ன இருந்துச்சுன்னு சேமிச்சு வைக்கவே வேண்டாம். என்னா மூளை! 1998-ல ஜாவா ஸ்விங்கோட வந்த ஜேஸ்ப்ளிட்பேன்ல கூட, இழுக்கும்போதே உள்ளடக்கம் மாறணும்னா நாமதான் தனியா சொல்லணும். சொல்லலைன்னா ஆவிக்கோடுதான்.

சரி, கோட்டை இழுக்கிறது எழுதக் கஷ்டமான்னா, இல்லைங்க. மவுஸ் அமுங்கினப்போ கோட்டுக்கும் மவுஸுக்கும் எவ்வளவு தூரம்னு குறிச்சுக்கணும் (இல்லைன்னா முதல் அசைவுலயே கோடு குதிக்கும்). நகர நகர அந்தத் தூரத்தைக் கழிச்சுப் புது இடம் கண்டுபிடிக்கணும். ரெண்டு பக்கத்துக்கும் ஒரு குறைந்தபட்ச அளவு வச்சு, அதைத் தாண்டாமப் பார்த்துக்கணும். கண்ணுக்குத் தெரியுற கோடு ஒரு பிக்சலா இருந்தாலும், பிடிக்கிற இடம் ரெண்டு பக்கமும் சில பிக்சல் அகலமா இருக்கணும். 2007-ல மேக் ஓஎஸ் 10.5 ஒரு பிக்சல் மெல்லிசுக் கோட்டைக் கொண்டுவந்தப்போ, பிடிக்கிற பரப்பைத் தனியாப் பெருசாக்குற வழியையும் சேர்த்தே கொடுத்துச்சு. அவ்ளோதான். ஒரு நாள் வேலை.

கஷ்டம் எங்க ஆரம்பிக்குதுன்னா, கோட்டை யாருமே தொடாத நேரத்துல. பயனர் முழு விண்டோவையும் இழுத்து 400 பிக்சல் பெருசாக்குறார். அந்தப் புது 400 யாருக்கு? அப்பா விட்டுட்டுப் போன சொத்து மாதிரிதான், பாகப்பிரிவினை!

இதுல ஒவ்வொரு நூலகமும் ஒவ்வொரு உயில் எழுதுச்சு. ஜாவாவுல 2000-ல, 1.3 பதிப்புல 'ரீசைஸ் வெயிட்'னு ஒரு எண்ணைச் சேர்த்தாங்க. 0-ன்னா மொத்தமும் வலது பக்கத்துக்கு, 1-ன்னா மொத்தமும் இடது பக்கத்துக்கு, 0.5-ன்னா சரிபாதி. நாம எதுவும் சொல்லலைன்னா 0. ஜிடிகேவுல ஒவ்வொரு பக்கத்துக்கும் ரெண்டு கேள்வி: விண்டோ வளர்ந்தா நீ வளரணுமா? உன் குறைந்தபட்ச அளவுக்கும் கீழ சுருங்கச் சம்மதமா? 2005-ல டாட்நெட் 2.0-ல வந்த ஸ்ப்ளிட்கண்டெய்னர், எதுவும் சொல்லாட்டி ரெண்டு பேருக்கும் விகிதப்படி பிரிச்சுக் கொடுக்கும். ஒரு பக்கம் மாறவே கூடாதுன்னா அதை 'ஃபிக்ஸ்டு'ன்னு அறிவிக்கணும்.

எது சரி? கோட்டைப் பயனர் எதுக்கு நகர்த்தினார்ங்கிறதைப் பொறுத்தது. ஃபோல்டர் பேரு முழுசாத் தெரியணும்னு 220 பிக்சல்ல வச்சார்னா, அவருக்கு வேண்டியது அந்த 220. விண்டோ பெருசானா இடது பக்கம் அப்படியே இருக்கணும், வலதுதான் வளரணும். ரெண்டு ஃபைலைப் பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பார்க்கிறார்னா, அவருக்கு வேண்டியது சரிபாதி. நிரலுக்குத் தெரியுறது ஒரு எண் மட்டும்தான். மனுஷன் மனசுல இருந்தது 'பேரு தெரியணும்'ங்கிறதா, 'பாதி வேணும்'ங்கிறதான்னு அதுக்குத் தெரியாது. எழுதுறவர்தான் யோசிக்கணும்.

ஜாவாவுல இதுக்கு ஒரு அழகான பொறி கூட உண்டு. கோட்டோட இடத்தை 0.5 மாதிரி விகிதமாக் கொடுத்தா, அந்த நேரத்துல இருக்கிற அகலத்தால பெருக்கி வச்சுக்கும். விண்டோ இன்னும் திரைக்கே வரலைன்னா அகலம் 0. பாதி இன்டு சைபர், சைபர்! கோடு இடது ஓரத்துல போய் ஒட்டிக்கும். ஆவணத்துலயே இதை எழுதியிருக்காங்க. ஆவணத்தை யாரு படிக்கிறா :-)

அடுத்த சிக்கல் ஞாபகம். பயனர் கோட்டை நகர்த்துறது ஒரு முடிவு. மென்பொருளை மூடித் திறந்ததும் அது பழைய இடத்துக்கே போயிடுச்சுன்னா, "நீ சொன்னது எனக்கு முக்கியமில்ல"ன்னு முகத்துக்கு நேரா சொல்ற மாதிரி. க்யூட்டி இதைப் புரிஞ்சுக்கிட்டு ஸ்ப்ளிட்டரோட நிலையைச் சேமிக்கவும் மீட்கவும் தனி வசதியே வச்சிருக்கு. ஜாவா ஸ்விங்ல நாமளே எடுத்து நாமளே எழுதி வைக்கணும். எத்தனை பேரு எழுதி வைக்கிறோம்?

மவுஸ் பிடிக்க முடியாதவங்களோட கதை இன்னொண்ணு. ஈமாக்ஸ்ல கோட்டை விசைப்பலகையிலயே நகர்த்தலாம். ஜாவாவுலயும் ஜிடிகேவுலயும் எஃப்8 அமுக்கினா நடுக்கோட்டுக்கே போகலாம், அப்புறம் அம்பு விசைகளால நகர்த்தலாம். இப்படி ஒரு விசை இருக்கிறதே பலருக்குத் தெரியாது. நாமளே கையால ஸ்ப்ளிட்டர் எழுதும்போது முதல்ல காணாமப் போறதும் இதுதான்.

இணையத்துக்கு வந்தப்போ அதே சண்டை மறுபடி முதல்ல இருந்து. 1996-ல நெட்ஸ்கேப் 2.0 ஃபிரேம்களைக் கொண்டுவந்துச்சு. பக்கத்தை ரெண்டாப் பிரிக்கலாம், நடுக்கோட்டை வாசகர் இழுக்கலாம். அதுதான் இயல்புநிலை! ஆனா 'நோரீசைஸ்'னு ஒரு வார்த்தையைச் சேர்த்தா கோடு உறைஞ்சிடும். பக்கம் வடிவமைச்சவங்க ஓடிப்போய் அந்த வார்த்தையைத்தான் சேர்த்தாங்க. எழுத்தைப் பெருசாக்கிப் படிக்கிறவங்களுக்கு இடது பட்டியல் பாதி வெட்டுப்பட்டுத் தெரியும், இழுக்கவும் முடியாது. எச்டிஎம்எல் 5-ல ஃபிரேம்செட்டையே ஒதுக்கிட்டாங்க. அதோட இழுக்கக்கூடிய கோடும் போச்சு. இன்னிக்கும் எச்டிஎம்எல்ல சொந்தமா ஒரு ஸ்ப்ளிட்டர் கிடையாது, ஆளாளுக்கு ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதிக்கிட்டிருக்கோம்.

2012-ல விண்டோஸ் 8. திரையில ரெண்டு ஆப்பைப் பக்கத்துல வைக்கலாம்னாங்க. ஆனா சின்னதுக்கு 320 பிக்சல்தான், கோட்டை நம்ம இஷ்டத்துக்கு நிறுத்த முடியாது. அடுத்த வருஷமே 8.1-ல எங்க வேணா நிறுத்திக்கோன்னு விட்டுட்டாங்க. 1979-ல விசிகால்க் கொடுத்த உரிமையைத் திரும்பக் கொடுக்க ஒரு புதுப் பதிப்பு தேவைப்பட்டிருக்கு!

ஒவ்வொரு தடவை புதுத் தளம் வரும்போதும், எழுதுறவங்க முதல்ல வரப்பைத் தங்க கையில வச்சுக்கிறாங்க. "எது அழகுன்னு எங்களுக்குத் தெரியும்"ங்கிறாங்க. அவங்களுக்குத் தெரியாதது, அந்தப் பொட்டிக்கு முன்னாடி உக்காந்திருக்கிறவரோட கண் பார்வை, எழுத்தளவு, மொழி. தமிழ்ல இடைமுகம் வச்சுப் பாருங்க. இங்கிலீஷ்ல 'எடிட்'னு நாலே எழுத்து, தமிழ்ல 'திருத்து'. 'செட்டிங்ஸ்' இருந்த இடத்துல 'அமைப்புகள்'. இங்கிலீஷ் சொல்லுக்கு அளவெடுத்து 150 பிக்சல்னு உறைய வச்ச இடது பகுதியில நம்ம சொற்கள் வால் அறுந்துதான் தொங்கும். எழுதினவர் அமெரிக்காவுல உக்காந்துக்கிட்டு நம்ம மொழியோட அகலத்தைக் கணிக்க முடியாது, அதுல தப்பும் இல்ல. கோட்டை மட்டும் உறைய வைக்காம விட்டிருந்தா மிச்சத்தை நாமளே பார்த்துக்குவோம்.

அதனால பொட்டி தட்டுற சொந்தங்களே, நீங்க எழுதின எதுலயாவது ஸ்ப்ளிட் பேன் இருந்தா ஒரு அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க. கோட்டை இழுத்து வைங்க. விண்டோவைப் பெருசாக்கி, சின்னதாக்கிப் பாருங்க, வச்ச இடத்துல நியாயமா நிக்குதா? மூடித் திறந்து பாருங்க, ஞாபகம் இருக்கா? மவுஸைத் தூரமா வச்சுட்டு விசைப்பலகையில மட்டும் நகர்த்த முடியுதா? எழுத்தளவை ஒன்றரை மடங்கு ஆக்கினா பிழைக்குதா? இந்த நாலுல எது உங்க மென்பொருள்ல கவுந்துச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: 'பேன்' ஜோக்குக்காகத் திட்டணும்னு நினைக்கிறவங்களும் தாராளமாத் திட்டலாம்.